பிளாக்ஜாக் அட்டவணை எதுவரை துணை வரும்?

21ஐத் தாண்டாமல் டீலரை வெல்ல வேண்டிய பிளாக்ஜாக் சீட்டாட்டத்துக்கு ‘அடிப்படை உத்தி’ என்றோர் அட்டவணை உண்டு. அது பித்தலாட்டம் அல்ல. 1956இல் ரோஜர் பால்ட்வின் உள்ளிட்ட நான்கு அமெரிக்க ராணுவத்தினர் கணக்குப்பொறிகளோடு உட்கார்ந்து அதைக் கண்டுபிடித்து, ஒரு புள்ளியியல் ஆய்விதழில் வெளியிட்டார்கள்; பின்னர் எட்வர்ட் தோர்ப் கணினியில் போட்டுச் செம்மைப்படுத்தினார். சாரம் எளிதுதான். ஏஸ் இல்லாத கையில் 17 சேர்ந்துவிட்டால் நிறுத்த வேண்டும். 13 முதல் 16 வரை இருக்கும்போது டீலர் காட்டும் சீட்டு 2 முதல் 6 வரை என்றால் நிறுத்தலாம்; அதற்கு மேல் என்றால் இன்னொரு சீட்டு வாங்க வேண்டும். இரண்டு ஏஸோ இரண்டு எட்டோ வந்தால் பிரிக்கலாம். இரண்டு பத்தைப் பிரிக்கவே கூடாது. டீலர் ஏஸைக் காட்டி ‘இன்சூரன்ஸ்’ வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்றுவிட வேண்டும். 13 வகைச் சீட்டுகளில் பத்து மதிப்புள்ளவை நான்குதான். டீலரின் மூடிய சீட்டு பத்தாக இருக்கும் என்று நம்பிக் கட்டும் ஒவ்வொரு 100 ரிங்கிட்டிலும் சராசரியாக ஏழெட்டு ரிங்கிட் போய்விடும்.

இத்தனையும் பிசகாமல் செய்தாலும் மேசை உங்கள் பக்கம் சாயாது. ஆட்டக்காரர்தான் முதலில் ஆட வேண்டும். 21ஐத் தாண்டினால் அந்த நொடியே பணம் போய்விடும், பிறகு டீலரும் தாண்டினாலும் திரும்பி வராது. சூதாட்ட விடுதியின் லாபம் இங்கேதான் பிறக்கிறது. நல்ல விதிகள் உள்ள மேசையில் அட்டவணை இந்த இழப்பை 100 ரிங்கிட்டுக்கு ஏறக்குறைய அரை ரிங்கிட்டாகக் குறைக்கும். ஏஸும் பத்தும் சேர்ந்த ‘பிளாக்ஜாக்’ விழுந்தால் 3:2 வீதம் தராமல் 6:5 வீதம் தரும் மேசையிலோ இழப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு. ‘அரை ரிங்கிட்தானே, சினிமாவைவிட மலிவான பொழுதுபோக்கு’ என்று வாதிடுவோர் உண்டு. 25 ரிங்கிட் வீதம் மணிக்கு 60 கை ஆடினால் சராசரி இழப்பு 7.50 ரிங்கிட்தான், உண்மை. ஆனால் அதே ஒரு மணி நேரத்தில் 200 ரிங்கிட் ஏறுவதும் இறங்குவதும் சாதாரணம். ஏறியவர் தனக்கு வித்தை கைவந்துவிட்டதாக நினைக்கிறார். இறங்கியவர் இன்னும் கொஞ்சம் ஆடினால் விட்டதைப் பிடித்துவிடலாம் என்று நினைக்கிறார். விட்டதைப் பிடிக்கும் வழி எந்த அட்டவணையிலும் இல்லை.

இந்தக் கணக்கு பலிக்கவும் சில நிபந்தனைகள் உண்டு: உண்மையான சீட்டுக்கட்டு, முன்கூட்டியே தெரிந்த விதி, வென்றால் பணம் தர வேண்டிய பொறுப்புள்ள நிறுவனம். மலேசியாவில் உரிமம் பெற்ற கேசினோ 1971 முதல் இயங்கும் கெந்திங் மலையில் மட்டுமே இருக்கிறது. 21 வயது நிரம்பாதோருக்கும் முஸ்லிம்களுக்கும் அங்கே அனுமதி இல்லை. பிரிக்ஃபீல்ட்ஸ் கேஎல் சென்ட்ரலிலிருந்தே அங்கு பேருந்து போகிறது. ஆனால் மேருவிலோ கிள்ளானிலோ இருக்கும் இளைஞரைத் தேடி வருவது மலை அல்ல, கைப்பேசி. டெலிகிராமில் ஓர் ஏஜெண்ட் ‘ஐடி’ தருகிறார், யாரோ ஒருவரின் வங்கிக் கணக்கில் பணம் போடச் சொல்கிறார். திரையில் விழும் சீட்டு குலுக்கி எடுத்ததா, மென்பொருள் தேர்ந்து போட்டதா என்று பார்க்க ஆளில்லை. அங்கே அட்டவணையை மனப்பாடம் செய்திருப்பதில் பயனே இல்லை. ‘எனக்கு வென்ற பணம் வந்ததே’ என்பார்கள். சிறிய தொகை வருவது பெரிய தொகையைப் போட வைப்பதற்காகவும் இருக்கலாம். அது வராமல் போனால் வழக்குப் போடவும் முடியாது: 1950 ஒப்பந்தச் சட்டத்தின் 31ஆம் பிரிவும் 1956 சிவில் சட்டத்தின் 26ஆம் பிரிவும் பந்தய ஒப்பந்தத்தைச் செல்லாததாக்கிவிட்டன. கடைவீட்டு மாடியில் திருட்டுத்தனமாக நடக்கும் ஆட்டத்தில் பிடிபட்டால், 1953 பொதுச் சூதாட்ட இல்லங்கள் சட்டம் ஆடியவரையே தண்டிக்கிறது: 5,000 ரிங்கிட் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

‘புகார் செய்தால் நானே மாட்டிக்கொள்வேன்’ என்ற பயம் நியாயமானது. ஏமாற்றுக்காரர்களுக்கு அதுவே பாதுகாப்பும் ஆகிவிடுகிறது. பணம் பறிபோனது தெரிந்த உடனே வங்கியையும் தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணையும் அழைக்க வேண்டும். நேரம் கடந்தால் பணம் பல கணக்குகளுக்குப் பிரிந்துவிடும். வழக்கைப் பற்றிய கவலைக்கு வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் இருக்கிறது. கடன் மிஞ்சியிருந்தால், பேங்க் நெகாரா 2006இல் தொடங்கிய கடன் ஆலோசனை அமைப்பான ஏகேபிகே இலவச ஆலோசனை தரும். ஆட்டத்தை விட முடியாமல் மனம் தவிப்பவர்கள் சுகாதார அமைச்சின் 15555 எண்ணில் பேசலாம்.

ஆலோங் எனப்படும் உரிமமற்ற வட்டிக்காரரிடம் வாங்கிய கடனுக்கு வேறு விதி. 1951 வட்டித்தொழில் சட்டப்படி உரிமம் உள்ளவரே பிணையில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வட்டி கேட்க முடியாது. உரிமமே இல்லாதவர் போட்ட ஒப்பந்தம் நீதிமன்றத்தில் நிற்காது. அடையாள அட்டையையும் ஏடிஎம் அட்டையையும் அவர் கையில் கொடுக்கவே கூடாது. மகன் வாங்கிய கடனுக்குக் கையெழுத்திடாத பெற்றோர் அதைக் கட்டக் கடமைப்பட்டவர்கள் அல்லர். மிரட்டுவதற்காக வாசலில் சிவப்புப் பெயிண்ட் ஊற்றினால் படம் எடுத்து வைத்துக்கொண்டு, அன்றே போலீஸில் புகார் கொடுத்து, புகார் நகலைக் கேட்டு வாங்க வேண்டும்.