பாம்பு இரை எடுக்கவில்லையா? ரசீதை எடுத்துப் பாருங்கள்

பால் பைதான் (ball python) என்னும் வெளிநாட்டு மலைப்பாம்பை வாங்கிக் காரைக்குடிக்குக் கொண்டுவந்தவர்களின் முதல் புகார், எலியை மோந்துகூடப் பார்க்கவில்லை என்பதுதான். இடம் மாறிய பாம்புக்கு இரை எடுக்கத் தோன்றாது. நன்கு வளர்ந்த பால் பைதான் மாதக்கணக்கில் தின்னாமல் தாங்கும். ஒரு வாரம் தொடாமல் விடுங்கள். உடம்பு நெருக்கி அடங்குமளவு ஒரு மறைவிடம், தண்ணீர், பெட்டியின் ஒரு பக்கம் 31–32 டிகிரி சூடு போதும். மார்கழியில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் பெட்டியை வைத்தால் அடி சில்லிட்டுப்போகும். விழுங்கியது செரிக்காமல் கக்கிவிடும். உயிரெலியைப் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள், எலி பாம்பைக் குதறிவிடும். பால் ஊற்றவே வேண்டாம். இளைத்துக்கொண்டே போனாலோ, வாய் திறந்து மூச்சு விட்டாலோ கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

கடத்தி வந்த குட்டி என்றால் இந்தப் பக்குவமெல்லாம் போதாது. 2023 ஜூலையில் திருச்சி விமான நிலையத்தில், கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு பயணியின் பெட்டியில் 47 மலைப்பாம்புகள் சிக்கின. அப்படி அடைபட்டு வருவது நீர் வற்றி, நோயோடுதான் வந்து சேரும். பால் பைதான், வனவுயிர் வணிகத்துக்கான பன்னாட்டு ஒப்பந்தமான சைட்டிஸின் (CITES) பட்டியலில் உள்ள இனம். மத்திய அரசின் 2024 விதிகளின்படி, கைக்கு வந்த 30 நாளுக்குள் அதன் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். பதிவுக்கு ஆதாரம் கேட்பார்கள். ரசீது தராதவரிடம் வாங்காதீர்கள். காகிதம் உண்டு என்று சொல்லி விற்றுவிட்டுக் கைவிரித்தால் நுகர்வோர் உதவி எண் 1915.

நம்மூர்ப் பாம்புக்கு ரசீது, பதிவு என்ற பேச்சே இல்லை. பூட்டிக் கிடக்கும் வளவில் பிடித்த சாரையோ, கண்மாய்க் கரையில் கிடைத்த மலைப்பாம்புக் குட்டியோ, வீட்டில் வைத்திருந்தாலே குற்றம். மலைப்பாம்பும் நல்ல பாம்பும் வனவிலங்குச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கின்றன: 3 முதல் 7 ஆண்டு சிறை, ரூ.25,000-க்குக் குறையாத அபராதம். 1978-இல் தொடங்கி, வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கமே வனத்துறை அனுமதியோடுதான் பாம்பு பிடிக்கிறது. விஷம் எடுத்தபின் காட்டில் விட்டுவிடுகிறது. மண்ணுளிக்குக் கோடி ரூபாய் தருவதாக வரும் தரகர் பேச்சு சுத்த மோசடி. பணமும் போகும், வழக்கும் வரும்.

வீட்டுக்குள் பாம்பு வந்தால் 101-க்குச் சொல்லுங்கள், தீயணைப்புத் துறையினர் வந்து பிடிப்பார்கள். கடித்தால் கட்டுப் போட்டு இறுக்காமல், கீறாமல், 108-ஐ அழையுங்கள். வளர்க்க முடியாமல் போன வெளிநாட்டுப் பாம்பைக் கண்மாயில் விடக் கூடாது. வனச்சரக அலுவலகத்தில் பேசி ஒப்படைத்து, எழுத்தில் ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.