அழுகின்ற முகமும் அரைப்பேரும்

சென்ற ஐப்பசி அடைமழையில் ஓரிரவு எட்டு மணியிருக்கும். அக்கரப்பத்தனையில் அந்நேரத்திலே காரணமின்றி எவரும் வீட்டை விட்டு வெளியே வருவதில்லை. எங்கள் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. திறந்து பார்த்தால், கீழ் லயத்தில் வசிக்கும் மூதாட்டி ஒருத்தி தலையிற் கம்பளியைப் போட்டபடி நடுங்கிக்கொண்டு நின்றாள். கையிலே ஒரு கைத்தொலைபேசி.

"மாஸ்டர், பேரன் கொழும்புலருந்து என்னமோ அனுப்பியிருக்கான். பார்த்தா அழுவுற மாதிரி இருக்குங்க. புள்ளைக்கு என்ன ஆச்சோ தெரியல. கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க."

வாங்கிப் பார்த்தேன். ஆங்கில எழுத்திலே குறுக்கி எழுதிய ஒன்றரை வரித் தமிழ். அதன்பின் மஞ்சள் நிற முகங்கள் மூன்று. ஒவ்வொரு முகத்திலும் இரு கண்களிலிருந்தும் நீர் தெறித்தது. செய்தி இதுதான்: கடையிலே முதலாளி அரிசி மூட்டையோடு வழுக்கி விழுந்தார், சிரித்துச் சிரித்து வயிறு நோகிறது, தீபாவளிக்கு வருகிறேன். அந்த முகங்கள் அழுகின்ற முகங்களே அல்ல. சிரிப்பு மிகுந்து கண்ணீர் வரும் முகங்கள். 2015ஆம் ஆண்டிலே ஆக்ஸ்போர்டு அகராதிக்காரர் 'ஆண்டின் சொல்' என்று தெரிந்தெடுத்தது எந்தச் சொல்லையுமன்று, இந்த முகத்தைத்தான். உலகறிந்த முகம், கீழ் லயம் மட்டும் அறியவில்லை.

அம்மூதாட்டி எழுத்தறியாதவள் அல்லள். தோட்டப் பாடசாலையில் ஐந்தாம் வகுப்பு வரை பயின்றவள். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையை எழுத்துக் கூட்டியேனும் முழுவதும் வாசித்துவிடுபவள். தன் பேரன் தன் தாய்மொழியிலேயே எழுதிய ஒன்றரை வரியை வாசிக்க இயலாமல், மழையில் அயல் வீட்டுக்கு ஓடிவர நேர்ந்தது. அவளை அனுப்பிவைத்த பின்னரும் எனக்கு நெடுநேரம் உறக்கம் வரவில்லை.

கைத்தொலைபேசிப் பாஷையைக் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்ளும் ஆசிரியர்கள் நம்மிடையே உளர். நான் அக்கூட்டத்தைச் சேர்ந்தவன் அல்லன். ஏனெனில் இஃது ஒன்றும் புதிதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டிலே பவணந்தி முனிவர் நன்னூலில் இதற்கு இடம் வகுத்து வைத்திருக்கிறார். தகுதி வழக்கின் மூன்று வகையுள் இடக்கரடக்கல், மங்கலம் என்பவற்றோடு நிற்பது குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும், வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பதும் உரைகாரர் காட்டும் உதாரணங்கள். ஒரு கூட்டத்தார் தமக்குள்ளே வழங்குவதற்கென்று வைத்துக்கொண்ட சொற்கள் அவை. பரீட்சைக்காக இவற்றை மனனம் செய்யும் மாணாக்கர், தாமே நாள்தோறும் குழூஉக்குறியிற் பேசுவதை உணர்வதில்லை.

ஆங்கிலேயர்தாம் இதில் யோக்கியர்களோ? 'ஓ.எம்.ஜி.' என்று இன்று சிறுமிகள் வியப்புக் காட்டும் குறுக்கத்தை, 1917ஆம் ஆண்டிலேயே ஃபிஷர் என்னும் கடற்படைத் தளபதி சேர்ச்சிலுக்கு எழுதிய கடிதத்திற் கையாண்டிருக்கிறார். அப்போது அவர் எழுபத்தைந்தைத் தாண்டிய கிழவர். சிரிப்பு முகம் பிறந்த கதை இதைவிடச் சுவையானது. 1982ஆம் ஆண்டு செப்டெம்பர் 19ஆந் திகதி, அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்கொட் ஃபால்மன் என்னும் கணினி அறிஞர், முக்காற்புள்ளி, சிறுகோடு, அடைப்புக்குறி ஆகிய மூன்றையும் வரிசையாக வைத்துச் சிரிக்கும் முகம் ஆக்கினார். கணினித் தகவற் பலகையில் வேடிக்கையாக எழுதியதைச் சிலர் உண்மையென்று நம்பிக் குழம்பினார்கள். அக்குழப்பத்தைத் தவிர்க்கவே அந்த அடையாளம். தவறாக விளங்கிக்கொள்ளக் கூடாதென்று தோன்றிய முகத்தின் வாரிசுதான் எங்கள் மூதாட்டியை மழையிலே ஓடவைத்தது!

தமிழர் மட்டும் பின்தங்கினார்களா? 2003ஆம் ஆண்டளவில் இணையத்திலே தமிழ் வலைப்பூக்கள் தோன்றின. 2004இல் 'தமிழ்மணம்' என்னும் திரட்டி வந்து அவற்றையெல்லாம் ஒரே முற்றத்திற் கூட்டியது. அம்முற்றத்திலே கூடிய எழுத்தாளர்களும் வாசகர்களும் சில ஆண்டுகளுக்குள் தமக்கென ஒரு சொற்களஞ்சியமே படைத்துவிட்டனர். சாரமற்ற எழுத்து 'மொக்கை'. பலர் கூடிப் பயனின்றி அரட்டையடிப்பது 'கும்மி'. பெயர் மறைத்துப் பேசுபவர் 'அனானி'. முன்கூட்டியே சொல்லும் பொறுப்புத் துறப்பு 'டிஸ்கி'. ஒரு கட்டுரைக்கு முதலாவதாகக் கருத்துச் சொன்னவர் 'வடை எனக்கே' என்று கூவுவார். பிந்தியவர் 'வடை போச்சே' என்று நடிகர் வடிவேலுவின் குரலில் ஏங்குவார். வெளிப்படையாகப் புகழ்ந்து உள்ளுக்குள்ளே இடித்துரைப்பதற்கு 'உள்குத்து' என்று பெயர். அதுவும் நாளடைவில் 'உ.கு.' என்று சுருங்கிற்று. எழுதி முடித்தவர் "இதில் உ.கு. எதுவுமில்லை" என்று சத்தியம் செய்வார், அச்சத்தியத்தைக் கண்ட பிறகுதான் வாசகர் உள்குத்தைத் தேடத் தொடங்குவர். வஞ்சப்புகழ்ச்சி அணிக்கு இதைவிடப் பொருத்தமான நாட்டுப்பெயர் கிடைக்குமா என்று நான் எண்ணிப் பார்த்ததுண்டு.

2019ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில் நிகழ்ந்த கூத்து பலருக்கு நினைவிருக்கலாம். ஒரு சுத்தியலின் படத்தைப் போட்டு, உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர் என்று யாரோ கேட்கப் போக, 2001இல் வெளிவந்த 'ஃப்ரண்ட்ஸ்' படத்திலே தலையிற் சுத்தியல் விழுந்த நேசமணியைத் தமிழர் நினைவுகூர்ந்தார்கள். அவர் உயிர் பிழைக்க உலகமே பிரார்த்திக்க வேண்டும் என்று வேடிக்கையாக எழுதியது பெருவெள்ளமாயிற்று. யார் இந்த நேசமணி என்று பிறமொழியாளர் திகைத்தனர். உள்ளே இருப்பவனுக்குச் சிரிப்பு, வெளியே நிற்பவனுக்குத் திகைப்பு; குழூஉக்குறியின் இயல்பு இதுவே. வெளியே நிற்பவர் அயலாராயின் குறையொன்றுமில்லை.

தமிழை ஏன் ஆங்கில எழுத்தில் எழுதுகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முற்றுமுழுதாக இளைஞரைப் பழிப்பது நியாயமன்று. முற்காலக் கைத்தொலைபேசிகள் பலவற்றிலே தமிழ் எழுத்தே கிடையாது. பின்னர் வந்தபோதும், ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கில எழுத்தானால் 160 அடங்கும். தமிழானால் எல்லாமாக 70 இடங்களே. அதிலும் 'கி' என்னும் ஓரெழுத்து, 'க' ஒன்றும் மேல்விசிறி ஒன்றுமாக இரண்டு இடங்களைப் பிடித்துக்கொள்ளும். காசை எண்ணி எண்ணிச் செலவிடும் பிள்ளைகள் மலிவான வழியைப் பிடித்தார்கள். இன்றோ அந்தத் தடைகள் போயின. 2005இல் மலேசியத் தமிழரான முத்து நெடுமாறனின் 'செல்லினம்' வந்தது முதல் கைத்தொலைபேசியில் தமிழ் எழுதுவது எளிதாகிக்கொண்டே வருகிறது. தடை போயிற்று, பழக்கம் போகவில்லை.

நமது தோட்டங்களின் கதைக்கு வருவோம். பிறர் நம்மவர் பேச்சைக் கேட்டுச் சிரித்த காலமொன்று இருந்தது. சிரித்தவர்களுக்கு விளங்காத அப்பேச்சு, ஒரு பெருங்கூட்டத்தாரின் குழூஉக்குறி என்பதை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. விடியற்காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிப்பது 'பிரட்டு'. ஆங்கிலேயரின் 'பரேட்' என்னும் சொல் நம் நாவிலே அடைந்த உருவம் அது. 'கண்டக்டர்' என்னும் வெளிக்கள உத்தியோகத்தர் 'கண்டாக்கையா' ஆனார். போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற 'காம்பரா' லயத்து அறைக்குப் பெயராயிற்று. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் 'புள்ளைக் காம்பரா'. 'மலை' என்றால் மலையன்று, கொழுந்தெடுக்கும் தேயிலைத் துண்டம்.

சாதாரண தர வகுப்பு மாணாக்கரிடம், வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு இத்தகைய சொற்களை எழுதிவரச் சொன்னேன். 'துண்டு' என்பதற்குப் பாதிப்பேர் 'துவாய்' என்று எழுதிவந்தனர். ஒரு தொழிலாளி தன் கடனைத் தீர்த்தாலன்றி வேறு தோட்டம் போகவியலாது என்று கட்டிவைத்த சீட்டே துண்டு. 1921இல் அது சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அச்சொல் மறந்துபோனதற்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீரும் விடமாட்டேன்.

ஆனால் 'பேர்' என்னும் சொல்லை எல்லாரும் சரியாகவே எழுதிவந்தார்கள். ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்று பெயர். குறித்த நிறைக்குக் கொழுந்தெடுத்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். தமிழ் வழங்கும் வேறெங்கேனும் ஒரு மனிதனின் பெயரைப் பாதியாக வெட்டிக் கணக்கெழுதும் வழக்கம் இருக்கிறதோ, நானறியேன். அந்த முழுப்பேருக்கு ஆயிரம் ரூபா கேட்டு, 2018ஆம் ஆண்டு அக்டோபரில் மலையக இளைஞர் கறுப்புடை தரித்துக் கொழும்புக் காலிமுகத்திடலிலே திரண்டார்கள். அழைப்பை ஊரூராகக் கொண்டு சென்றவை நாம் பழிக்கின்ற இதே கைத்தொலைபேசிகளே. ஆயிரம் ரூபா வர 2021 ஆயிற்று.

பெற்றோர் கவனிக்கவேண்டிய குறியொன்றும் உண்டு. 'ஓ.டி.பி.' என்பது வங்கிப் பணத்தைத் திறக்க ஒருமுறை மட்டும் பயன்படும் இரகசிய இலக்கம். அதன் பொருளறியாத முதியவரிடம் யாரோ ஒருவன் பணிவாகப் பேசி அந்த இலக்கத்தைக் கேட்டு வாங்கினால், சேமிப்புப் புத்தகத்தில் மிச்சமிராது. பிள்ளைகள் இதை ஒருமுறை வீட்டிற் சொல்லிவைத்தாற் போதும்.

தீபாவளிக்கு அந்தப் பேரன் வந்தான். என் பழைய மாணாக்கன்தான். நடந்ததைச் சொன்னேன்.

"அப்பாயிக்கு இங்கிலீசு எழுத்து வாசிக்க வராதுன்னு எனக்கு நெனைப்பே வரல சேர்" என்று தலையைக் குனிந்தான்.

பின்னர் அவனே வேறொன்று சொன்னான். கடையிலே வேலை செய்யும் யாழ்ப்பாணத்துப் பையன்களும் மட்டக்களப்புப் பையன்களும் அவனும் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்களாம். ஒருநாள் காய்ச்சலால் மத்தியானத்தோடு திரும்பியவன், 'இன்னைக்கு அரைப்பேர்தான்' என்று அதில் எழுதினானாம். அஃதென்ன என்று எல்லாரும் கேட்க, விளக்கினானாம். அன்று முதல் அந்தக் கடையிலே அரைநாள் விடுப்பு எடுப்பவனெல்லாம் 'அரைப்பேர்' என்றுதான் எழுதுகிறானாம்.

"நீ அதை மறைக்கவில்லையே?" என்றேன்.

"ஏன் சேர் மறைக்கணும்?" என்றான்.

கார்த்திகையில் ஒருநாள் பஸ் தரிப்பிடத்திலே மூதாட்டியைக் கண்டேன். பேரன் இப்போது தமிழெழுத்திலேயே அனுப்புகிறானாம். அவளும் ஒரு விரலால் 'சாப்பிட்டாயா' என்று எழுதப் பழகிவிட்டாளாம். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்:

"மாஸ்டர், அந்த அழுவுற மூஞ்சிய நானும் நேத்து மூணு தட்டி அனுப்பிட்டேனுங்க. அதுக்குச் சிரிப்புன்னுதானே சொன்னீங்க?"