மூங்கில் சீவும் கை

தாராசுரம் என்றதும் ஐராவதேசுவரர் ஆலயந்தான் யாவருக்கும் ஞாபகம் வரும். இரண்டாம் இராஜராஜன் 12-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய அந்தக் கற்றேரைப் பாராதவர்கள் அவசியம் பார்த்துவர வேண்டும். ஆனால் இங்கே சொல்லப் புகுவது கல்லைப் பற்றி அன்று. அவ்வூர்ப் பட்டுத் தறிகளில் ஒரு காலத்தில் இடம் பெற்றிருந்த மூங்கிலைப் பற்றி.

பாவு நூல்களைப் பிரித்து நிறுத்துவதும் ஊடையை அடித்து நெருக்குவதும், சீப்பைப் போன்ற 'அச்சு' என்னும் கருவி. எஃகுக் கம்பி வருவதற்கு முன் அச்சின் பற்கள் மூங்கில் அல்லது நாணல் சிம்புகளே. ஒரு பல் சற்றே தடித்துவிட்டால் போதும், புடவையின் நீளத்துக்கும் கோடு விழுந்துவிடும்! ஆகவே நூற்றுக்கணக்கான சிம்புகளை ஒரே கனத்தில் சீவியாக வேண்டும். இங்கிலாந்திலும் இதே கதைதான். ஆங்கிலத்தில் அச்சுக்கு வழங்கும் பெயருக்கே நாணல் என்று பொருள். 1733-இல் பறக்கும் நாடாவுக்கு உரிமை பெற்ற ஜான் கே என்பவரே அங்கே கம்பிப் பல்லையும் பரப்பினார். பிற்பாடு எஃகு நம் தறிக்கும் வந்தது. அதற்காக அழ வேண்டியதில்லை. எஃகு நெடுங்காலம் உழைக்கிறது.

அந்தச் சீவும் வித்தைக்கு வேறு உபயோகம் உண்டா என்பதே கேள்வி. மரக்கட்டையைக் கடைசல் இயந்திரத்தில் சுழற்றித் தாள்போல் உரித்து, ஒட்டுப்பலகை செய்கிறார்கள். மூங்கிலோ உள்ளே குழல்; கணுவுக்குக் கணு தடுப்பு; எளிதில் உரிக்க இடங்கொடாது. மேல்தோலின் வழுவழுப்பில் பிசினும் நன்றாகப் பிடிப்பதில்லை. அதைக் கழித்துவிட்டு உட்பகுதியை மெல்லிய பட்டைகளாகச் சீவ வேண்டும்.

கேரளத்தில் 1971-இல் ஏற்பட்ட அரசாங்க மூங்கில் கழகம் இவ்வித்தையையே மூலதனமாகக் கொண்டது. தொழிலாளர் வீட்டிலிருந்தபடியே முடையும் பாய்களைச் சேகரித்து, பிசினில் தோய்த்து, அடுக்கி, சூடான இயந்திரத்தில் அழுத்திப் பலகையாக்கும் முறை அது. முடைவோரில் பெரும்பாலோர் பெண்கள்.

நம் காவிரி நாட்டில் முறமும் கூடையும் முடைகிறவர்களுடைய கையும் இதே கைதான். பிளாஸ்டிக் முறம் அவர்கள் பிழைப்பில் மண்ணைப் போட்டது. சட்டமும் வெகு காலம் குறுக்கே நின்றது. 1927-ஆம் வருஷத்து வனச் சட்டம், புல்லினமாகிய மூங்கிலை மரம் என்று கணக்கிட்ட விசித்திரத்தை என்னென்பது! 2017-இல் அதைத் திருத்தினார்கள். காட்டுக்கு வெளியே வளர்த்த மூங்கிலை வெட்டி விற்க அந்தத் தடை இப்போது இல்லை.

ஆற்றங்கரையில் மூங்கில் வளரும். சீவுவதற்குக் கையும் இருக்கிறது. அங்கமாலியில் அழுத்தும் அந்தப் பலகையைக் கும்பகோணத்துப் பக்கத்தில் அழுத்த ஓர் இயந்திரமும், முடைகிறவர்களே பங்காளிகளாக ஒரு கூட்டுறவுச் சங்கமும்தான் வேண்டும்.