பனியும் பயிரும்

நீலகிரியில் தை, மாசித் திங்கள்களில் விதைக்கும் பருவத்தை உழவர்கள் நீர்ப்போகம் என்பர். மழை அரிது; ஓடைநீரே துணை. முகிலற்ற இரவில் நிலம் தன் வெப்பத்தை இழக்க, உறைபனி படியும். குளிர்காற்று கனமானது, ஆதலால் பள்ளத்தாக்கிலேயே அது தேங்கும், இழப்பும் அங்கேதான் மிகுதி. உருளைக்கிழங்குச் செடியின் இலைச்செல்களில் நீர் உறைந்து செல்களைச் சிதைக்கும். ஒரே இரவில் தோட்டம் கருகிவிடும். கேரட்டோ அதே குளிரில் தன் வேரில் சர்க்கரையைச் சேர்த்துக்கொள்கிறது. சர்க்கரை கலந்த நீர் எளிதில் உறைவதில்லை. நாம் விரும்பியுண்ணும் இனிப்பு, உண்மையில் அச்செடி தன்னைக் காத்துக்கொண்ட முயற்சியே! முட்டைக்கோசும் ஓரளவு தாங்கும்.

கிழங்கு பயிரிட்டோர் கதிரவன் எழுமுன் நீர் தெளித்து, இலைமேல் படிந்த பனியைக் கரைப்பர். விதைக்கிழங்கிற்கு வாங்கிய கடன் நெஞ்சில் இருக்க, அவ்விரவுகளில் அவர்கள் எங்ஙனம் உறங்குவர்?