சவர்க்காரம், பற்றறி, நெருப்புப்பெட்டி: தடைக்காலம் காட்டிய பட்டியல்

ஒரு சமூகத்தின் வழமையான ஓட்டம் நின்றுபோனால் சனம் முதலில் எதைத் தேடும்? அரிசி, மா, துவக்கு, தங்கம் என்று பட்டியல் போட்டு வைத்திருப்பவர்கள் உலகெங்கும் உண்டு. யாழ்ப்பாணத்தவருக்கு இது கற்பனைக் கேள்வி அல்ல. 1990 ஜூனில் போர் மறுபடி மூண்டபோது கொழும்பு ரயிலான யாழ்தேவி நின்றது. மின்சாரம் போனது. கொழும்பிலிருந்து லொறிகள் தாராளமாக வந்த காலமும் முடிந்தது. பெற்றோல், டீசல், பற்றறி, சீமெந்து, உரம் என்று அரசின் தடைப் பட்டியல் நீண்டது. சனம் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறிய 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வு வரை குடாநாட்டில் பல இலட்சம் பேர் அப்படித்தான் வாழ்ந்தார்கள். குடாநாட்டுக்குத் தெற்கே வன்னியில் அந்த வாழ்க்கை 2002 வரை நீண்டது.

பசி இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆனாலும் மரவள்ளி, முருங்கை, ஒடியல் என மண் தரக்கூடியதை மண் தந்துகொண்டிருந்தது. சீனிக்குப் பதில் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி குடித்தார்கள். மண்ணில் விளையாத, தொழிற்சாலையில் மட்டுமே பிறக்கிற சின்னச் சாமான்கள்தான் ஆளை ஆட்டிப்படைத்தன.

சவர்க்காரத்தை எடுத்துக்கொள்வோம். அதைச் செய்ய எண்ணெயும் காரமும் போதும். தேங்காய் எண்ணெய் ஊரில் இருந்தது, இல்லாதது கோஸ்ரிக் சோடா. அது உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சிப் பெறப்படுவது. ஆனையிறவு உப்பளத்து உப்பைக் கொண்டு கோஸ்ரிக் சோடாவும் குளோரினும் செய்த பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை குடாநாட்டின் வாசலிலேயே இருந்தது. போர் அதை மூடவைத்தது. கடலும் உப்பும் சுற்றிலும் கிடக்க, உடுப்புத் தோய்க்க ஒரு கட்டிச் சவர்க்காரத்துக்குச் சனம் அலைந்தது. 

அந்த இடத்தை நிரப்ப வந்தது பனம்பழம். பழுத்து விழுந்த பழத்தின் தோலை உரித்து, தும்போடு சேர்த்துப் பிசைந்து, அந்தக் களியைத் துணியில் தேய்ப்பார்கள். மஞ்சளாக நுரைக்கும். பனங்களியில் சப்போனின் வகைச் சேர்மங்கள் இருக்கின்றன. தண்ணீரின் மேற்பரப்பு இழுவிசையைக் குறைத்து அழுக்கைத் துணியிலிருந்து பிரிப்பதில் இவை சவர்க்காரம் செய்யும் வேலையில் ஒரு பங்கைச் செய்யும். ஒரு பங்கு மட்டுந்தான். வியர்வை நெய்ப்பு முழுதாகப் போகாது. காய்ந்த உடுப்பில் பழவாசம் நிற்கும். அதுவும் ஆவணி, புரட்டாசியில் பழம் விழும்வரைக்குமே. மற்ற மாதங்களில் சாம்பலும் வெந்நீரும் கைப்பலமும்தான்.

இதனால் பெண்கள் பட்ட பாடு அதிகம் எழுதப்படவில்லை. மாதவிடாய்க்குக் கடையில் வாங்க எதுவும் இல்லை. பழைய பருத்திச் சேலையைக் கிழித்து மடித்துக்கொண்டார்கள். அந்தத் துணியையும் தோய்த்துத்தானே திரும்பப் பாவிக்க வேண்டும்? சவர்க்காரத் தட்டுப்பாடு அங்கே நேரடியாக நோயாகவும் மானப் பிரச்சினையாகவும் மாறியது. ஒரு பொருள் இல்லாமற்போனால் அதோடு சேர்ந்த நாலு காரியம் குலையும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

அடுத்தது பற்றறி. யார் உயிரோடு இருக்கிறார், எந்த ஊரில் செல் விழுந்தது என்று அறிய றேடியோ வேண்டும். சாதாரண ரோச் பற்றறி என்பது ஒரு நாகக் கூடு, நடுவில் ஒரு கரிக்கோல், இடையில் ஈரக் களி. களி காய்ந்தால் மின்சாரம் படுத்துவிடும். அதனால் ஆணியால் துளை போட்டு உப்புத் தண்ணி விட்டார்கள், வெயிலில் வைத்துச் சூடேற்றினார்கள், செத்த பற்றறிகளைத் தொடுத்து மிஞ்சிய உயிரைச் சேர்த்துப் பிழிந்தார்கள். நாகம் கரைந்து முடிந்த பற்றறிக்கு இந்த வைத்தியம் ஒன்றும் பலிக்காது.

அப்போதுதான் சைக்கிள் டைனமோ கைகொடுத்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, மற்றவர்கள் சூழ்ந்திருந்து பிபிசி தமிழோசை கேட்பார்கள். டைனமோ தருவது ஏறக்குறைய 6 வோல்ற். நாலு 1.5 வோல்ற் பற்றறி போடும் றேடியோவுக்கு அது கணக்காகப் பொருந்தும். ஆனால் டைனமோ மின்சாரம் திசை மாறி மாறி வருவது. பழுதான கருவிகளிலிருந்து கழற்றிய நாலு டயோட்டுகளைக் கோத்து அதை ஒரே திசைக்குத் திருப்பினால்தான் றேடியோ பேசும். சுற்றுகிறவர் கை சோர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரல் தேயும், வேகம் கூடினால் றேடியோ எரிந்துபோகலாம் என்ற பயம் வரும். கை மாறி மாறிச் சுற்றினார்கள்.

இரவு வெளிச்சத்துக்கு மண்ணெண்ணெய் கொஞ்சம் கிடைத்தது, விலையோ நெருப்பு. ஒரு ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு வைத்து, அது நனையுமளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, சைக்கிள் வால்வுக் கூட்டில் திரியைக் கோத்து உள்ளே நிறுத்துவார்கள். சுடர் போத்தலுக்குள் நிற்பதால் காற்றில் நூராது. அந்த வெளிச்சத்தில் படித்துத்தான் பிள்ளைகள் பரீட்சை எழுதினார்கள்.

மோட்டார் சைக்கிளும் பழைய ஒஸ்ரின் காரும் அதே எண்ணெயில் ஓடின. பெற்றோல் குளிரிலேயே ஆவியாகும், பொறி பட்டதும் பற்றும். மண்ணெண்ணெய் ஆவியாகச் சூடு வேண்டும். ஆகவே சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு இயந்திரத்தைக் கிளப்பி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். பின்னால் வெள்ளைப் புகை மண்டும். இது திடீரென்று கண்டுபிடிக்கப்பட்ட வித்தை அல்ல. தோட்டக் கிணறுகளில் பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடும் இறைப்பு மிசின்களைக் குடாநாட்டுக் கமக்காரர் முன்பே ஆண்டுக்கணக்காக ஓட்டி வந்தவர்கள். கைவசம் இருந்த அறிவு வேறொரு இயந்திரத்துக்கு இடம் மாறியது, அவ்வளவுதான்.

நெருப்புப்பெட்டிக்கு அப்படி ஒரு மாற்றும் இல்லை. குச்சித் தலையில் பொட்டாசியம் குளோரேற்று, பெட்டியின் பக்கத்தில் சிவப்புப் பொஸ்பரஸ். இரண்டையும் எந்த வீட்டுக் குசினியிலும் செய்ய முடியாது. அடுப்பு நூராமல் தணலை மூடிக் காப்பதும், அயல்வீட்டில் பொச்சுமட்டையில் நெருப்பு வாங்கி வருவதும்தான் மிச்சமிருந்த வழி.

இந்த மாற்று ஏற்பாடுகளைத் தமிழரின் கெட்டித்தனம் என்று போற்றுவது வழக்கம். போற்றவும் வேண்டும். ஆனால் கூர்ந்து பார்த்தால், ஜாம் போத்தல், வால்வு, டயோட், டைனமோ எல்லாமே தடைக்கு முன் எங்கோ ஒரு தொழிற்சாலையில் செய்யப்பட்டவை. சனம் பழைய உலகத்தின் கையிருப்பைத் தின்றுகொண்டிருந்தது. கிளாலிக் கடல்நீரேரியை இரவில் படகில் கடந்து உயிரைப் பணயம் வைத்து வந்த மூட்டைகள் அந்தக் கையிருப்பைக் கொஞ்சம் நீட்டின. தடை இன்னும் இருபது ஆண்டு நீடித்து, வால்வும் டயோட்டும் தீர்ந்திருந்தால், எந்தக் கெட்டித்தனமும் அவற்றை மண்ணிலிருந்து முளைக்க வைத்திருக்காது.

மருந்துக்கு அந்தக் கையிருப்பும் கிடையாது. பழைய இன்சுலின் குப்பியைத் துளை போட்டு உப்புத் தண்ணி விட்டு உயிர்ப்பிக்க முடியாது. குளிர்சாதனப் பெட்டியோ மின்சாரமின்றி வெறும் அலுமாரி. மயக்க மருந்து, சேலைன், தடுப்பூசி என்று ஒவ்வொன்றும் வெளியிலிருந்து வந்தே ஆகவேண்டும். செஞ்சிலுவைக் கொடியோடு கப்பல் வந்தால் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் சிகிச்சை நடந்தது. அது பிந்தினால் நோயாளி காத்திருந்தார்.