கேட்பதை நிறுத்திய கேட்வே

கைப்பேசிச் செயலி ஒன்று உங்கள் வங்கி இருப்பைக் காட்டுகிறது என்றால், அது வங்கியின் சர்வரிடம் ஏபிஐ வழியாகக் கேட்டு வாங்கியிருக்கிறது. கேட்பது யார், உரிமை உண்டா, நிமிடத்துக்கு எத்தனை முறை கேட்கலாம் என்பதையெல்லாம் வாசலிலேயே பார்த்துவிடுவது ஏபிஐ மேலாண்மை மென்பொருள். அவற்றுள் ஒன்று, 2005இல் தொடங்கப்பட்ட டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனத்தின் ஏபிஐ மேனேஜர். முதல் பதிப்பு 2012இல் வந்தது. திறந்த மூல மென்பொருள் என்பதால், அதன் உள்ளமைப்பு மாறிவந்த விதத்தை யாரும் பிரித்துப் பார்க்கலாம்.

வாசலில் நிற்கும் பகுதிக்குக் கேட்வே என்று பெயர். ஒரே கணினியில் எல்லாம் ஓடும்வரை தொல்லை இல்லை. போக்குவரத்து பெருகி, கேட்வேயை நான்கு கணினிகளில் நிறுத்தும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கும். பழைய பதிப்புகளில், வெளியிடப்படும் ஒவ்வொரு ஏபிஐயும் கேட்வேயின் வட்டில் எக்ஸ்எம்எல் கோப்பாக எழுதப்பட்டது. நான்கு கணினியிலும் அதே கோப்பு இருந்தாக வேண்டும். அதற்காக ஆர்சிங்க் என்ற கருவியை வைத்து நகலெடுத்தார்கள், அல்லது பொதுவட்டு ஒன்றை இணைத்தார்கள். ஒரு கணினி பின்தங்கினால், ஒரே கோரிக்கைக்கு மூன்று முறை சரியான பதிலும் நான்காவது முறை 404 பிழையும் வரும். இப்படி விட்டுவிட்டு வரும் பிழையைப் பிடிப்பதைவிட, மொத்தமாக நின்றுபோன சர்வரைச் சரிசெய்வது எளிது.

இன்னொரு தொல்லை, கேட்பவருக்கு உரிமை உண்டு என்று காட்டும் டோக்கன். முன்பு அது பொருளற்ற எழுத்துக் கோவை. செல்லுமா என்று கேட்வே, கீ மேனேஜர் என்ற தனிப்பகுதியிடம் கேட்க வேண்டும். ஒவ்வொரு பஸ் பாஸுக்கும் கண்டக்டர் டிப்போவுக்குப் போன் போடுவதுபோல. கேட்ட விடையைச் சிறிது நேரம் நினைவில் வைத்துச் சமாளித்தார்கள். பிறகு வந்த ஜேடபிள்யூடி டோக்கனில் விவரமும் டிஜிட்டல் கையொப்பமும் உள்ளேயே இருக்கின்றன. கேட்வே தானே சரிபார்த்துவிடும். ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு: பாதியில் ரத்தான டோக்கனிலும் கையொப்பம் சரியாகத்தான் இருக்கும். எனவே ரத்துச் செய்தியை எல்லாக் கேட்வேகளுக்கும் உடனே அனுப்ப வேண்டியதாயிற்று.

நிமிடத்துக்கு எத்தனை முறை கேட்கலாம் என்ற எண்ணிக்கைக் கட்டுப்பாடு 2016இல், 2.0 பதிப்பிலேயே டிராஃபிக் மேனேஜர் என்ற பகுதிக்குப் போய்விட்டது. அதற்குள் ஓடும் சித்தி என்ற நிகழ்வாய்வு எஞ்சின், இலங்கையின் மொரட்டுவ பல்கலைக்கழகத்தில் ஆய்வுத் திட்டமாகப் பிறந்தது.

2021இல் வந்த 4.0 கோப்புச் சிக்கலையும் தீர்த்தது. ஏபிஐ விவரம் தரவுத்தளத்தில் இருக்கும். மாற்றம் நேர்ந்தால், ஏபிஐகளை வெளியிட்டு நிர்வகிக்கும் கன்ட்ரோல் பிளேன் ஓர் அறிவிப்பை வீசும். கேட்வேகள் விவரத்தை இழுத்துத் தம் நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். பொதுவட்டு தேவையில்லை. கன்ட்ரோல் பிளேன் சற்று நேரம் விழுந்தாலும், ஓடிக்கொண்டிருக்கும் கேட்வே வேலையைத் தொடரும். அந்த நேரம் பார்த்துப் புதிதாகக் கிளப்பிய கேட்வேதான் கையில் ஒன்றும் இல்லாமல் நிற்கும்.

பதிப்பு மாற்றுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது ஃபயர்வாலை. முன்பு வெளியீட்டுப் பகுதி கேட்வேயைத் தேடிப் போனது. இப்போது கேட்வே கன்ட்ரோல் பிளேனைத் தேடிப் போகிறது. இயல்பு அமைப்பில் 9443, 5672 ஆகிய இரு போர்ட்டுகளும் அந்தத் திசையில் திறந்திருக்க வேண்டும். அறிவிப்பு வரும் 5672 மட்டும் அடைபட்டிருந்தால் கேட்வே ஒழுங்காகக் கிளம்பும், பழைய ஏபிஐகளுக்குப் பதிலும் சொல்லும். கிளம்பிய பிறகு வெளியிட்ட ஏபிஐ அதற்குத் தெரியாது.