அரிவாள் வெட்டு: தையலுக்குப் பிறகுதான் பாதி வைத்தியம்

நெல் அறுப்பில் வலது கையில் அரிவாள் இருக்கும். இடது கை தாளைப் பிடித்திருக்கும். அரிவாள் சறுக்கினால் வெட்டு விழுவது இடது கை விரல்களில்தான். கரும்பு வெட்டும்போதும், மாட்டுக்குத் தட்டு நறுக்கும் மெஷினிலும் இதே கதைதான்.

காயம் பார்வைக்குச் சிறியதாக இருக்கலாம். ஆனால், விரலின் நுனிக் கணுவை மடக்க முடியவில்லை என்றால் உள்ளே தசைநாண் அறுந்திருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். ஊரில் இதை ‘நரம்பு அறுந்துபோச்சு’ என்பார்கள். நரம்பு வேறு, தசைநாண் வேறு. நரம்பு உணர்ச்சியைக் கொண்டு போகிறது. தசைநாண் என்பது முன்கைத் தசையின் இழுப்பை விரல் எலும்புக்குக் கொண்டுபோகும் கயிறு. இரண்டும் அருகருகே ஓடுவதால் ஒரே வெட்டில் இரண்டும் போவதுண்டு. விரல் நுனி மரத்திருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

காபித்தூள், சுண்ணாம்பு எதையும் காயத்தில் அப்ப வேண்டாம். சுத்தமான துணியால் அழுத்திக் கட்டிக்கொண்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நாள் தள்ளினால் அறுந்த முனை உள்ளங்கைப் பக்கம் சுருங்கிக்கொள்ளும். வாரக்கணக்கில் விட்டால் நேராக இழுத்துத் தைக்க முடியாமல், வேறு இடத்திலிருந்து தசைநாண் எடுத்து வைக்க வேண்டிவரலாம்.

இனித்தான் பலரும் கோட்டைவிடும் இடம். சைக்கிள் பிரேக் கேபிளைப் பாருங்கள். வெளியே ஓர் உறை, உள்ளே வழுக்கிக்கொண்டு ஓடும் கம்பி. விரல் தசைநாணும் அப்படித்தான் ஓர் உறைக்குள் ஓடுகிறது. தைத்த இடத்தை உடம்பு தழும்புத் திசுவை வைத்துத்தான் ஒட்டவைக்கும். அந்தத் திசுவுக்கு எது தசைநாண், எது உறை என்று தெரியாது. எல்லாவற்றையும் சேர்த்து ஒட்டிவிடும். கேபிளுக்குள் துரு பிடித்த மாதிரி விரல் இறுகிப்போகும். வெளியே தோல் அழகாக ஆறியிருக்கும். விரல் மட்டும் மடங்காது.

மாங்கன்றில் ஒட்டுக்கட்டினால் ஒட்டு சேரும்வரை அசைக்காமல் விடுகிறோம். தைத்த விரலையும் அப்படியே விட்டுவிடலாம் என்று நினைப்பது இயல்பு. ஆனால், இங்கே கணக்கு வேறு. அசைக்காவிட்டால் ஒட்டிக்கொள்ளும், பலமாக அசைத்தால் தையல் அறுந்துவிடும். அதனால்தான் மணிக்கட்டையும் விரலையும் சற்று மடக்கிய நிலையில் வைக்கும் ஸ்பிளின்ட் போட்டு, பெரும்பாலும் முதல் வாரத்திலேயே, அதற்குள்ளேயே செய்யும் பயிற்சியை பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தருகிறார். பெரும்பாலும் அடுத்த கையால் விரலை மெதுவாக மடக்கி, ஸ்பிளின்ட் தொடும்வரை நிமிர்த்துவதுதான். பார்த்தால் விளையாட்டு மாதிரி இருக்கும். ஆனால், ஒரு நாளில் பலமுறை செய்யும் அந்த விளையாட்டுதான் தழும்பு இறுகாமல் காப்பாற்றுகிறது. எத்தனை முறை, எவ்வளவு தூரம் என்பதை அவர் சொன்னபடியே செய்ய வேண்டும். பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொன்ன பயிற்சி நமக்குப் பொருந்தாது.

தையல் பிரித்ததும் ‘ஆறிவிட்டது’ என்று பால் கறக்க உட்காருவதுதான் பெரிய ஆபத்து. தோல் ஆற இரண்டு வாரம் போதும். தசைநாணோ முதல் சில வாரங்களில் மிகவும் பலவீனமாக இருக்கும். ஸ்பிளின்ட் பொதுவாக ஆறு வாரம். வாளி தூக்குவது, மண்வெட்டி பிடிப்பது, பால் கறப்பது எல்லாம் ஏறக்குறைய 12 வாரத்துக்குப் பிறகு, அதுவும் டாக்டர் சரி என்ற பிறகே. மூன்று மாதத்துக்கு மாட்டையும் வயலையும் யார் பார்ப்பது என்பதை அறுவைச் சிகிச்சை முடிந்த வாரமே வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவுசெய்வது நல்லது. இல்லாவிட்டால் வேலை கையை இழுத்துக்கொண்டு போய்விடும். விரலுக்குள் ‘டப்’பென்று ஏதோ விட்டதுபோல் தெரிந்து, அதுவரை மடங்கிய விரல் மடங்காமல் போனால் தையல் விட்டிருக்கலாம். மறுநாள் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது.

வீக்கமும் இறுக்கத்தைக் கூட்டும். கையைத் தொங்கவிடாமல் நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வைக்க வேண்டும். பீடி, சிகரெட் புண் ஆறுவதைத் தாமதமாக்கும்; சர்க்கரை நோய் இருந்தால் அளவைக் கட்டுக்குள் வைக்க வேண்டும். புண் முழுதாக மூடிய பிறகு, பிசியோதெரபிஸ்ட் அனுமதித்தால், தேங்காய் எண்ணெய் தொட்டுத் தழும்பின் மேல் அழுத்தி வட்டமாகத் தேய்த்துவிடலாம். தழும்பு சிவந்து தடித்திருப்பது மாதக்கணக்கில் நீடிக்கும். மரத்துப்போன விரல் என்றால் அடுப்படியில் கூடுதல் கவனம் தேவை, சுட்டாலும் தெரியாது.

அடிக்கடி டவுனுக்குப் போக முடியாதவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பார்க்கலாம். 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரும் பிசியோதெரபியும் உண்டு. அறுவைச் சிகிச்சை செய்த டாக்டரின் சீட்டைக் காட்டினால் பயிற்சியை அதன்படி தொடரலாம்.

இவ்வளவும் செய்து, பல மாதம் கழித்தும் விரல் மடங்கவில்லை என்றால், ஒட்டிய தழும்பை விடுவிக்க இன்னோர் அறுவைச் சிகிச்சை இருக்கிறது. அதற்குப் பிறகு ஓய்வு என்று படுத்திருக்க முடியாது. ஓரிரு நாளிலேயே, வலியோடுதான் என்றாலும், விரலை அசைக்கத் தொடங்க வேண்டும்.